பெற்றோர் வீட்டில் வாழும் பதின்ம வயதினருக்கு மாத உதவித்தொகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் மலேசிய வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் அக்டோபர் மாதம் நெருங்கும்போது, தோட்டப்புற மக்களின் வீட்டுடைமை, சம்பளம், தமிழ்ப்பள்ளி ஆகியவை குறித்து நம் நாளேடுகளில் நிறையவே எழுதப்படுகிறது. ஆனால் இடைநிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டான படிவம் நான்கில் தொடங்கி இருபது வயது வரை, பெற்றோர் வீட்டிலேயே தங்கிப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அரசாங்கம் என்ன செய்கிறது என்ற கேள்வியை யாரும் அவ்வளவாக எழுப்புவதில்லை. பெற்றோருடன்தானே இருக்கிறார்கள், சோறும் கூரையும் கிடைக்கிறதே, பிறகென்ன என்று அது தள்ளிவைக்கப்படுவதாகவே எனக்குப் படுகிறது.

நான் சுங்கை சிப்புட் நகரில் நகல் எடுக்கும் கடை ஒன்றை நடத்தி வருகிறேன். இணையம் வழி செய்யவேண்டிய அரசாங்க விண்ணப்பங்களை நிரப்பித் தருவது இப்போது என் தொழிலில் பாதியாகிவிட்டது. வருமானம் குறைந்தவர்களுக்கான ரஹ்மா ரொக்க உதவி, உயர்கல்வியில் இடம் கேட்கும் யூ.பி.யூ. விண்ணப்பம், உயர்கல்விக்கான பி.டி.பி.டி.என். கடனுதவி, சமூக நல இலாகா மனு என்று ஆண்டு முழுவதும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. அந்தப் படிவங்களை நிரப்பி நிரப்பி எனக்குத் தெளிவான ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

இருக்கின்ற உதவிகளை முதலில் சொல்லிவிடுவதே நியாயம். தொடக்கப்பள்ளியில் வசதி குறைந்த பிள்ளைகளுக்குத் துணை உணவுத் திட்டம் உண்டு, அது தொடக்கப்பள்ளிக்கானது. பள்ளித் தொடக்கக்கால உதவியாக 150 ரிங்கிட், 2023 முதல் பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் எல்லா மாணவருக்கும் வழங்கப்படுகிறது. 2025இல் படிவம் ஆறு மாணவரும் அதில் சேர்க்கப்பட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்தப் பணம் ஒரு ஜோடிக் காலணியும் இரண்டு சட்டையும் வாங்குவதற்குள் முடிந்துவிடும். மிகவும் வறிய குடும்பங்களுக்குச் சமூக நல இலாகா தரும் பிள்ளைகள் உதவித்தொகை, 7 முதல் 18 வயது வரையுள்ள ஒரு பிள்ளைக்கு மாதம் 150 ரிங்கிட்டாக இருந்து, 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 200 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு 1,000 ரிங்கிட் உச்சவரம்பு. ரஹ்மா ரொக்க உதவியோ குடும்பத் தலைவரின் பெயரில் வருகிறது. வருமானம் 2,500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட குடும்பம், 5,000 ரிங்கிட் வரை உள்ள குடும்பம் என்று இரண்டு படிகளாகப் பிரித்து, பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்துத் தொகையை நிர்ணயிக்கிறார்கள். திருமணமாகாத ஒருவர் தம் சொந்தப் பெயரில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டுமானால் 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சமூக நல இலாகாவின் பிள்ளைகள் உதவி 18 வயதோடு முடிகிறது. தனிநபருக்கான ரொக்க உதவி 21 வயதில்தான் ஆரம்பிக்கிறது. நடுவில் உள்ளவர்களுக்கு அவ்வப்போது ஏதோ ஒன்று வந்து போயிருக்கிறது. 2021இல் இ-பெலியா என்ற பெயரில் 18 முதல் 20 வயதினருக்கு மின்பணப்பையில் 150 ரிங்கிட் கிடைத்தது; மறு ஆண்டு இ-பெமுலா என்ற பெயரில் மீண்டும் 150 கிடைத்தது; 2023இல் ரஹ்மா இளைஞர் மின்பணமாக 200 கிடைத்தது. 2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிரம்பிய எல்லா மலேசியருக்கும் அடையாள அட்டை வழியாக சாரா உதவி 100 ரிங்கிட் தரப்பட்டது. அதைப் பதிவு பெற்ற கடைகளில் அரிசி, எண்ணெய், சவர்க்காரம் போன்ற அடிப்படைப் பொருள்களுக்கு மட்டுமே செலவிட முடியும். இவற்றைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் இவற்றில் எதுவும் மாதந்தோறும் வருவதில்லை. எதைக் கொண்டும் ஒரு பிள்ளை ஒரு பருவப் படிப்பைத் திட்டமிட முடியாது. மின்பணப்பையில் வந்த 150 ரிங்கிட்டை எங்கள் ஊர்ப் பேருந்தில் கொடுத்துப் பயணச்சீட்டு வாங்க முடியாமல், கெடு முடிவதற்குள் தீர்த்தாக வேண்டும் என்பதற்காகவே கைப்பேசிக் கடையில் செலவழித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பிறகு, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்று பேசியவர்களையும் தெரியும்.

வாக்களிக்கும் வயதை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019இல் நிறைவேறி, 2021 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. ஆக, அரசாங்கத்தையே தேர்ந்தெடுக்கும் பக்குவம் 18 வயதில் வந்துவிடுகிறது. ஆனால் தனி ஆளாக ஏழை என்று சொல்லிக்கொள்ளும் தகுதிக்கு இன்னும் மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு தாயும் மகனும் என் கடைக்கு வந்தார்கள். அவர் தோட்டத்தில் உரம் போடும் வேலைக்குப் போகிறவர். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறவர். பையன் படிவம் ஐந்து. குடும்ப வருமானத்தை எழுதும் இடத்துக்கு வந்தபோது அந்தத் தாய் தயங்கி, “அண்ணே, இவன் காசையும் எழுதணுமா? எழுதினா வர்றதும் வராமப் போயிடுமோ?” என்று கேட்டார். என்ன காசு என்று விசாரித்தால், பள்ளி முடிந்து வந்ததும் ஒரு சாப்பாட்டுக் கடையில் இரவு பதினொரு மணி வரை மங்கு, அதாவது தட்டு, கழுவுகிறான். மணிக்கு ஆறு வெள்ளி, அதாவது ஆறு ரிங்கிட். குறைந்தபட்ச சம்பள ஆணைப்படி மணிக்கு 8.72 ரிங்கிட் கொடுக்க வேண்டும் என்பதோ, பிள்ளைகள் மற்றும் இளையோர் வேலைச் சட்டம் 1966இன்படி 18 வயதுக்கு உட்பட்டவரை இரவு எட்டு மணிக்கு மேல் இப்படி வேலை வாங்கக் கூடாது என்பதோ அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் என்ன செய்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். அந்தக் காசில்தான் வீட்டு மின்கட்டணமும் தங்கையின் பள்ளி வேன் கட்டணமும் போகின்றன. அவனுக்கென்று மிஞ்சுவது மோட்டார் சைக்கிளுக்குப் போடும் எண்ணெய் மட்டுமே. வங்கிக் கணக்கு எண்ணைக் கேட்டபோது, அந்தத் தாய் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவர் பேருலதாண்ணே வரும், வந்தது எங்களுக்குத் தெரியவே ரெண்டு நாள் ஆகும்” என்றார். பையன் சுவரில் ஒட்டியிருந்த விலைப் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இந்த ஒரு வீட்டை வைத்து எல்லா வீடுகளையும் எடைபோடக் கூடாது என்பதை அறிவேன். கிடைத்த காசை ஒரு சென் பிசகாமல் பிள்ளைகளின் படிப்புக்கென்றே ஒதுக்கும் தகப்பன்மாரையும் நான் வாரந்தோறும் பார்க்கிறேன். ஆனால், பெற்றோர் பிள்ளையைத் தாங்குகிறார்கள், ஆகவே பெற்றோருக்குக் கொடுத்தால் பிள்ளைக்கும் போய்ச் சேரும் என்று உதவித் திட்டங்கள் எடுத்த எடுப்பிலேயே வைத்துக்கொள்ளும் கணக்கு, தோட்டப்புற வீடுகளுக்கு முழுதாகப் பொருந்தியதே இல்லை. பால்மரக் காலத்தில் விடியுமுன் எழுந்து தாயோடு நிரைக்குப் போய், ஒட்டுப்பால் உருவிவிட்டுப் பிறகு பள்ளிக்கு ஓடியவர்கள் இன்று தாத்தா பாட்டியாக நம்மிடையே இருக்கிறார்கள். செம்பனை வந்த பிறகு, விடுமுறை நாள்களில் உதிரிப்பழம் பொறுக்கிச் சாக்கை நிரப்பியது பிள்ளைகள்தாம். அந்தச் சாக்கின் கூலி பெற்றோரின் சம்பளச் சீட்டில் ஏறியது. பிள்ளையின் உழைப்பு அன்றும் குடும்ப வருமானத்துக்குள் மறைந்துதான் இருந்தது. இன்று அது தோட்டத்தை விட்டுப் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடைக்கும் பேரங்காடிக்கும் பெட்ரோல் நிலையத்துக்கும் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

படிவம் ஐந்தின் இறுதியில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்த பிறகுதான் நிலைமை இன்னும் மோசமாகிறது. தேர்வுக்கும் முடிவுக்கும், முடிவுக்கும் உயர்கல்விக் கழகத்தில் இடம் கிடைத்துப் பதிவு செய்வதற்கும் இடையில் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று பிள்ளை வேலைக்குப் போகிறது. 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட். தகப்பனுடைய சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடான ஒரு தொகையை முதல் மாதமே மகனோ மகளோ கொண்டுவந்து கொடுக்கும்போது, அந்த வீட்டில் கடன் தவணைகள் அதற்கேற்ப ஏறிக்கொள்கின்றன. பிறகு போலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது என்ற செய்தி வரும்போது, அது நல்ல செய்தியாக இருந்தாலும், மாதம் 1,700 ரிங்கிட் நிற்கப்போகிறது என்ற செய்தியாகவும் இருக்கிறது. “அடுத்த வருசம் போய்க்கலாம்” என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அந்த அடுத்த வருடம் வருவதே இல்லை.

போக்குவரத்துச் செலவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கோலாலம்பூரில் இருந்துகொண்டு திட்டம் தீட்டுகிறவர்களுக்கு அதன் கனம் தெரிய வாய்ப்பில்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் 50 ரிங்கிட் மாத அட்டையை வாங்கினால் ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வரலாம். எங்கள் ஊரிலிருந்து, நாட்டின் முதல் போலிடெக்னிக்காக 1969இல் தொடங்கப்பட்ட உங்கு ஒமார் போலிடெக்னிக்குக்குப் போக வேண்டுமென்றால், ஈப்போவே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கிருந்து இன்னொரு வண்டி. தோட்டத்துக்குள் குடியிருப்பவர் முதலில் பெரிய சாலைக்கு வந்து சேர வேண்டும். அதற்குப் பேருந்தே கிடையாது. ஆகவே பிள்ளைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் தேவைப்படுகிறது. மோட்டார் சைக்கிளுக்குத் தவணை, சாலை வரி, காப்புறுதி, எண்ணெய். கல்விக் கட்டணம் குறைவுதானே என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதே தூரம் இன்னொரு காரணமாகவும் மாறி, அந்தி சாய்ந்த பிறகு செம்பனைக் காட்டுப் பாதையில் தனியாக வர வேண்டாம் என்ற நியாயமான அச்சமே படிப்பை நிறுத்தப் போதுமானதாகிவிடுகிறது.

பி.டி.பி.டி.என். இருக்கிறதே என்பார்கள். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட அந்தக் கழகம் எத்தனையோ தோட்டப் பிள்ளைகளைப் பட்டதாரியாக்கியிருக்கிறது, அதில் மறுப்பில்லை. வசதி குறைந்த குடும்பத்து மாணவர் அரசாங்க உயர்கல்விக் கழகத்தில் பதிந்துகொள்வதற்கு 1,500 ரிங்கிட் வரை முன்பணமும் கொடுக்கிறார்கள். ஆனால் முன்பணமும் கடன்தான், பின்னால் கழித்துக்கொள்ளப்படும். 18 வயதில் கடனாளியாகும் துணிச்சல், வீட்டில் ஏற்கெனவே கடன் பார்த்த பிள்ளைக்குக் குறைவாகவே இருக்கும். தவிர, அக்கடனைப் பற்றிய பேச்சே கல்லூரி வாசலை எட்டியவர்களுக்கானது. படிவம் நான்கிலும் ஐந்திலும் மெல்ல மெல்ல வகுப்புக்கு வராமல் நின்றுபோகிறவர்களுக்கு அது என்ன செய்யும்?

இந்த இடத்தில் சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தொடக்கக் கல்வி 2003 முதல் கட்டாயம். பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தத்தை மக்களவை 2025 ஜூலையில் நிறைவேற்றியது. நான் அதை வரவேற்கிறேன். ஆயினும், இரவு பதினொரு மணி வரை மங்கு கழுவிவிட்டுக் காலையில் எழ முடியாத பிள்ளையின் வீட்டுக்கு அபராதக் கடிதம் போவதற்கு முன்னால், அந்த ஆறு வெள்ளிக்கு மாற்றாக ஏதாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டாமா?

பிற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்பதைத் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் 1998 முதல் இளையோர் உதவித்தொகை இருக்கிறது. பொதுவாக 22 வயதுக்கு உட்பட்ட மாணவரைப் பெற்றோரைச் சார்ந்தவராகக் கருதி, பெற்றோரின் வருமானத்தைப் பார்த்தே தருகிறார்கள். பெற்றோர் வீட்டில் தங்கியிருப்பவருக்குத் தொகை குறைவு, வெளியே தங்கிப் படிப்பவருக்கு அதிகம். அதாவது, வீட்டோடு இருப்பதற்காகத் தொகையைக் குறைக்கிறார்களே ஒழிய அடியோடு மறுப்பதில்லை. இங்கிலாந்தில் 2004இல் நாடு முழுவதும் கொண்டுவரப்பட்ட கல்வித் தொடர்ச்சி உதவித்தொகை, படிப்பைத் தொடர்ந்த 16 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்து வாரம் 10, 20 அல்லது 30 பவுன் கொடுத்தது. தகுதி பெற்ற குடும்பங்களில், படிப்பைத் தொடர்ந்த 16 வயதினர் 65 விழுக்காட்டிலிருந்து 69 விழுக்காட்டுக்கு உயர்ந்ததாக அதன் முன்னோடித் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டார்கள். பணம் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலோர் படித்திருப்பார்கள், ஆகவே இது வீண் செலவு என்று சொல்லி, பிறகு வந்த அரசாங்கம் 2011இல் இங்கிலாந்தில் அதை நிறுத்தியது. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் நிறுத்தவில்லை. அந்த வாதத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால், எப்படியும் படித்திருப்பார்கள் என்பவர்கள், மதிய உணவு இல்லாமல் படித்திருப்பார்களா, உணவோடு படித்திருப்பார்களா என்று ஏன் பார்ப்பதில்லை?

அவ்வளவு தூரம் போவானேன், தமிழ்நாட்டையே பாருங்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கியது. பணம் மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே போகிறது. பெற்றோரோடு இருக்கிறாயா, விடுதியில் இருக்கிறாயா என்று கேட்பதில்லை. தொகை சிறியதுதான்; ஆனால் மாதம் தவறாமல் வரும் என்று தெரிந்தால், பேருந்துக் கட்டணத்துக்கு யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

ஆகவே என் கோரிக்கை இது. ரஹ்மா ரொக்க உதவிக்கு ஏற்கெனவே தகுதி பெற்ற குடும்பங்களில், 16 முதல் 20 வயது வரை பெற்றோருடன் தங்கி, இடைநிலைப் பள்ளியிலோ படிவம் ஆறிலோ, சமூகக் கல்லூரி, தொழிற்பயிற்சிக் கழகம், போலிடெக்னிக் ஆகியவற்றிலோ படித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை வழங்கப்பட வேண்டும். அது 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு ஈடாகாது, ஈடாக வேண்டியதுமில்லை. எண்ணெய்க்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போதுமானால், வாரத்தில் ஐந்து இரவு வேலை செய்கிறவன் இரண்டு இரவோடு நிறுத்திக்கொள்ளலாம். பணம் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். பையன்கள் வேப் எனும் மின்சிகரெட்டுக்கும் கைப்பேசிக்கும் தொலைப்பார்கள் என்று என் கடைக்கு வருகிறவர்களே சொல்கிறார்கள். சிலர் தொலைக்கத்தான் செய்வார்கள். ஆனால் குடும்பத் தலைவர்களில் சிலர் சம்பளத்தைச் சாராயக் கடையில் தொலைக்கிறார்கள் என்பதற்காக ரஹ்மா உதவியை நிறுத்த வேண்டும் என்று நாம் யாரும் கேட்பதில்லையே. வகுப்பு வருகையோடு தொகையை இணைக்கலாம். ஆனால் ஒரு வாரம் வரவில்லை என்றவுடன் நிறுத்திவிடாமல், ஏன் வரவில்லை என்று ஆசிரியர் ஒருவர் கேட்டறிந்த பிறகே நிறுத்த வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். பிள்ளைக்கு வருகின்ற இந்தத் தொகையையோ, படித்துக்கொண்டே பகுதி நேரமாக அது சம்பாதிப்பதையோ குடும்ப வருமானத்தில் சேர்த்து, பெற்றோருக்கு வரும் உதவியைக் குறைக்கக் கூடாது. அதை விண்ணப்பத்தின் முகப்பிலேயே எளிய மொழியில் தெளிவாக அச்சிட வேண்டும். அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருந்திருந்தால், நானும் அவரும் கால் மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

பணம் எங்கே என்று கேட்பார்கள். எல்லாருக்கும் ஒரே அளவாகப் பகிர்ந்தளிக்கும் உதவிகளில், தேவையில்லாதவர் கைக்குப் போகும் பகுதியை இதற்குத் திருப்பலாம் என்பது என் கருத்து. இந்திய சமுதாய உருமாற்றுப் பிரிவான மித்ராவுக்கு ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் 100 மில்லியன் ரிங்கிட்டிலிருந்தே இதைச் செய்யலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இது இந்தியப் பிள்ளைக்கு மட்டுமே உரிய சிக்கலாக இருந்தால் அப்படிச் செய்யலாம். எங்கள் ஊருக்கு வெளியே உள்ள கிராமத்து மலாய்ப் பிள்ளையும் பூர்வகுடிப் பிள்ளையும் இதே சாலையில், இதே பேருந்துக்காகத்தான் காத்திருக்கிறார்கள். இது நிதியமைச்சின் பொதுத் திட்டமாக வர வேண்டும்; நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதை அப்படித்தான் கேட்க வேண்டும்.

வரும் வரவு செலவுத் திட்டத்தில் முழுத் திட்டத்துக்கும் இடமில்லை என்றால், படிவம் ஐந்தை முடித்து அடுத்த படிப்புக்குப் பதியும் வரையிலான அந்த மாதங்களுக்கும், பதிந்த பின் முதல் ஆறு மாதங்களுக்கும் மட்டுமாவது இதைத் தொடங்கிப் பார்க்கலாம். ஆண்டின் முதற்பாதியில் யூ.பி.யூ. விண்ணப்பம் போட என் கடைக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் பிறகு உண்மையில் பதிந்துகொண்டார்கள் என்பதை எந்த இலாகாவும் என்னிடம் கேட்டதில்லை. பள்ளிகளிடம் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. வருமான வரி வாரியத்திடம் குடும்ப விவரம் இருக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்தாலே, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நாளேட்டின் நெடுநாள் வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்.